தகரத்தில் ஒரு துளை

இடது பக்கம் ஸ்டீயரிங் இருக்கிற வண்டியில் வலது பக்கம் உட்கார்ந்து போவதைப் போலத் தண்டனை வேறில்லை என்பது இடையர்பாளையம் தாண்டுவதற்குள்ளேயே நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துபோயிற்று. முப்பது வருஷமாக இந்தப் பக்கம் உட்கார்ந்தால் கைக்கு ஒரு வளையமும் காலுக்கு மூன்று மிதியும் இருந்து பழக்கம். இப்போது கை இரண்டும் மடியில் கிடந்தன, கல்யாண வீட்டில் யாரும் வேலை சொல்லாத பங்காளியைப் போல. வலது கால் மட்டும் புத்தி கெட்டுப்போய் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. வண்டியை ஓட்டுகிறவர் டாக்டர் மங்கையர்க்கரசி. எலும்பு டாக்டர், அப்பா விட்டுப்போன இந்த வண்டிக்குச் சொந்தக்காரர். பின்சீட்டில் முழங்கால் இரண்டும் மோவாயில் இடிக்க மடங்கிக் கிடந்தவர் அவர் வீட்டுக்காரர் தணிகைவேல்; காலேஜில் பொருளாதாரம் நடத்துகிறவர். அறுபத்தொன்பதாம் வருஷத்து அமெரிக்க வண்டி. ரெண்டே கதவு, எட்டு சிலிண்டர், நாலு பேர் பாய் போட்டுப் படுக்கிற அகலத்துக்குப் பானெட். நாச்சிமுத்துவின் பட்டறையில் அதற்குக் கப்பல் என்று பேர். பேருக்கேற்ற மாதிரித்தான் இருந்தது, எட்டு மாதம் முன்பு வரை. நேர்ரோட்டில் புலி, வளைவு வந்தால் மூக்கு ஒரு பக்கம் சாய, பின்பக்கம் இன்னொரு பக்கம் இழுக்க, அலையில் மாட்டிய தோணி. அந்த ஆட்டத்தை நிறுத்தத்தான் நாச்சிமுத்து அதைக் கழற்றினான். மேல்கூட்டைத் தூக்கித் தனியே வைத்து, ஒரு பக்கம் திறந்திருந்த அடிச்சட்டத்துக்குத் தகடு வைத்து வெல்டு பிடித்துப் பெட்டியாக்கி, பின்னால் இருந்த கமான் பட்டைகளைக் கழற்றி எறிந்து காயில் ஸ்பிரிங் ஏற்றி, முன்னால் சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் நான்கையும் புதிதாக மாட்டி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவி உங்க கையில என்று சொல்லியிருந்தான். ஒன்பது மணிக்குச் சாவி அவர் கையில். நாச்சிமுத்து தேதின்னா தேதி. "எப்படீங்கண்ணா, பசை போட்ட மாதிரி ரோட்டைப் புடிச்சுக்குது!" என்று டாக்டரம்மா சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். "எங்கப்பா இருந்து இதைப் பார்த்திருக்கணும்." பின்னாலிருந்து தணிகைவேல், "இருந்திருந்தா என்னைய டிக்கில போட்டுட்டு வந்திருப்பாரு" என்றார். நாச்சிமுத்துவும் சிரித்தான். அப்போது சிரிக்க முடிந்தது.

முன்னால் ஆனைகட்டி பஸ் புகை கக்கிக்கொண்டு போயிற்று. இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு பஸ்ஸைத் தாண்டி எதிரே வருவது தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறவன்தான் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இப்படிப்பட்ட வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஓட்டுகிறவருடைய கண் பக்கத்து சீட்டில் இருக்கும். "போலாமாண்ணா?" என்றார் டாக்டரம்மா. நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான். ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வந்தது, போயிற்று. "போலாங்க." வண்டி உறுமிக்கொண்டு பஸ்ஸைத் தாண்டியது. அவர் பார்க்கவேயில்லை. அவன் சொன்னான், அவர் மிதித்தார். அவ்வளவுதான். பெருமையாக இருந்தது அவனுக்கு. இந்த ஊரில் எத்தனை டாக்டர் எத்தனை மில் முதலாளி அவன் வார்த்தையை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பார்கள். கணுவாய் வந்தது. கடைவீதியில் வண்டி மெல்ல ஊர்ந்தது, பூக்கடைக்காரியிலிருந்து பேக்கரி வாசலில் டீ குடிக்கிறவன் வரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவன் போனை எடுத்துப் படம் பிடித்தான், நாச்சிமுத்து அந்தப் படத்துக்கு ஏற்ற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பையில் பீடிக்கட்டு இருக்கிறதா என்று விரலை விட்டான். பீடியை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது, விரலுக்கு இன்னும் தெரியாது. பீடி இல்லை. கம்பி சுற்றிய சின்னத் தகரத்துண்டு ஒன்று விரலில் மாட்டிற்று. இரும்பைச் சூளையில் வைத்துப் பதப்படுத்தித் தருகிற மருதாசலத்தின் தகரம். அவன் ஃபர்னஸுக்குப் போய்வந்த இரும்புப் பின்களோடு கட்டிக் கொடுத்தது. நேற்று சாயங்காலம் பின்களை மாட்டும்போது கம்பியை அறுத்துப் பையில் போட்டது ஞாபகம் வந்தது. கட்டைவிரல் தானாகத் தகரத்தின் மேல் நடந்தது. ஒரு துளை. கொஞ்சம் தள்ளி வழவழப்பு. மறுபடி நடந்தது. ஒரு துளை. திருப்பினான், பின்பக்கம் தடவினான், அதே துளையின் மறுபக்கம், பிசிறு விரலைக் குத்தியது. ஒரே ஒரு துளை. "இங்கே பாருங்கண்ணா, அந்தப் பையன் வீடியோ எடுக்கறான், கையைக் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா. நாச்சிமுத்து கையைக் காட்டினான்.

ஒரு துளை என்றால் காய்ச்சி எண்ணெயில் முக்கியாயிற்று என்று அர்த்தம். ரெண்டு துளை என்றால் அதற்கப்புறம் இரண்டாவது அடுப்பில் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, மெல்ல ஆறவிட்டு, டெம்பரிங் முடிந்தது என்று அர்த்தம். மருதாசலம் எழுதப் படிக்கத் தெரிந்தவன்தான், ஆனால் அடுப்படியில் பேனா நிற்காது, சாக்பீஸ் அழிந்துவிடும், அதனால் அவன் அப்பன் காலத்திலிருந்து தகரத்தில் துளை. முதல் அடுப்பு மட்டும் பார்த்த இரும்பு கெட்டியாக இருக்கும், உலகத்தில் அதைவிடக் கெட்டி கிடையாது என்கிற மாதிரி இருக்கும், பாரம் வைத்தால் அசையாது, வளையாது. வளையாது, அதுதான் அதனுடைய கோளாறு. குழியில் ஒரு இடி, கல்லில் ஒரு மோது, நூறு தடவை தாங்கும், நூற்றியோராவது தடவை கண்ணாடி வளையல் மாதிரி ரெண்டு துண்டு. முன்னால் எச்சரிக்கையெல்லாம் கிடையாது. வளைகிற இரும்பு முனகும், கோணும், டயரை ஒரு பக்கம் தின்னும், ஓட்டுகிறவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் சாகும். வளையாத இரும்பு சொல்லாது. அப்படிப்பட்ட பின் இரண்டுதான் இப்போது டாக்டரம்மாவின் காலுக்கு நேரே கீழே, முன்சக்கரத்தின் கீழ் ஆர்மைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருந்தன, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அவன் காலுக்கு நேரே கீழேயும். அறுந்தால் சக்கரம் உள்ளே மடங்கும். எண்பதில் போகிற வண்டி மூக்கால் ரோட்டை உழும். நாச்சிமுத்து வலது காலைத் தூக்கி இடது காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். என்னவோ அதனால் பாரம் குறைகிற மாதிரி. சொல்லு. வாயைத் திற. அம்மா ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்துங்க. எட்டுச் சொல்கூட இல்லை. ஒரு சந்தேகம்ங்க. சந்தேகம்தானே. ஒருவேளை மருதாசலம் ரெண்டாவது துளையைப் போட மறந்திருப்பான். மறந்திருக்கலாம். மருதாசலம் துளை போட மறந்ததாக இருபது வருஷத்தில் ஒருநாள் உண்டா? அவன் பெண்டாட்டிக்குப் பிரசவமான அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து துளை போட்டுவிட்டுத் திரும்ப ஓடினான். மறக்க மாட்டான். ஆனால் மறந்திருக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்த சாமானோடு பின்னும்தான் வந்தது. அதை அப்படியே மாட்டியிருந்தால் இன்றைக்கு இந்த எழவு இல்லை. சட்டத்துக்கு மூன்று மில்லிமீட்டர் தகடு வைக்கச் சொல்லிப் படம் போட்டு அனுப்பியிருந்தான் வெள்ளைக்காரன். மூன்று மில்லியா, பப்படம் மாதிரி, எவனை ஏமாற்றுகிறான் என்று நாச்சிமுத்துவுக்கு ஆங்காரம் வந்தது. ஆறு மில்லி போடு என்றான். செபஸ்தி சொன்னான், பதினெட்டு வருஷமாகக் கூடவே இருக்கிற ஃபிட்டர் செபஸ்தி, "அண்ணா, தகடு தடிச்சா ஆர்ம் உக்கார்ற எடம் தள்ளிப்போகும்ணா, பின் எட்டாது." "எட்டலீன்னா எட்ட வெப்போம்டா. டாக்டரம்மா சும்மா கோயமுத்தூருக்குள்ள உருட்டறதுக்கா இத்தனை செலவு பண்றாங்க?" எட்டவில்லை. ரெண்டு பக்கமும் ஒரு விரற்கடை குறைந்தது. அதற்கப்புறம் இங்கேயே நல்ல இரும்பு வாங்கி, கணபதிப் பக்கம் லேத்தில் நீளமாக ரெண்டு பின் கடைந்து, மருதாசலத்திடம் போனது. வெள்ளிக்கிழமை போனது. மருதாசலம் தராசு பிடிக்கிறவன் மாதிரி ரெண்டையும் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "செவ்வாக்கெழமைங்ணா" என்றான். "ஏய், ஞாயித்துக்கெழமை டெலிவரி." "இல்லீங்ணா, காய்ச்சறது நாளைக்கு ஆயிரும். டெம்பரிங் அடுப்புல மில்லுக்காரங்க லோடு ஏத்தியிருக்குது. அது எறங்கறதே திங்கக்கெழமை." "அதுல ஒரு ஓரமா என்ற ரெண்டையும் போடு." "அவங்க சூடு வேற, நம்ம சூடு வேறீங்ணா." "நாளைக்கு ராத்திரி." "செவ்வா." "மருதாசலம், எத்தனை வருஷமா உன்ற அடுப்புக்கு நான் லோடு போடறேன்? நான் ஒருத்தன் ரூட்டை மாத்துனா என்ன ஆகும்னு யோசிச்சுக்க. எனக்கு நாளைக்குச் சாயங்காலம் வேணும். அஞ்சு மணிக்கு." அடுப்படியில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத்தான் சொன்னான். அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான். எதிராளி கத்துவான், இவன் கத்துவான், நடுவில் ஏதாவது ஒரு நாளில் வந்து நிற்கும். அதுதான் பேரம். ரெண்டு பேருமே கொஞ்சம் தோற்று, ரெண்டு பேருமே ஜெயித்த மாதிரி வீட்டுக்குப் போவது. மருதாசலம் கத்தவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்தான். "சரிங்ணா" என்றான்.

சரிங்ணா. தடாகம் ரோட்டில் மூடிக்கிடக்கிற செங்கல் சூளைகளின் புகைபோக்கி ஒன்று, இன்னொன்று என்று வந்து போயின, ஒவ்வொன்றும் சரிங்ணா சரிங்ணா என்றது. அவனுக்குத் தெரியாதா? நாச்சிமுத்துவுக்குத் தெரியாதா? பத்தொன்பது வயதில் உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒரு கியர்பாக்ஸுக்கு அவன் அடிமாட்டு விலை கேட்டான். கடைக்காரன் மூச்சு விடாமல் எடுத்துக்கோ தம்பி என்றான். தோளில் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே சத்தம் கேட்காமல் இருக்க மரத்தூளும் கிரீஸும் வாழைப்பழத் தோலும். பல் ஒன்றுகூட முழுசாக இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு பாடம்தான்: முதல் சொல்லுக்கே எவன் ஒத்துக்கொள்கிறானோ அவன் உன்னை உள்ளுக்குள் முடித்துவிட்டான். இனி உன்னோடு பேசி ஆக வேண்டியது அவனுக்கு ஒன்றுமில்லை. இதை வைத்துத்தான் கடை போட்டான், இடம் வாங்கினான், தங்கச்சிக்குக் கல்யாணம் செய்தான். எவன் எந்தச் சொல்லில் இறங்குவான், எந்தச் சொல்லில் இறங்க மாட்டான் என்று மூச்சை வைத்தே சொல்வான். அப்படிப்பட்டவன் மருதாசலம் சரிங்ணா என்றபோது மீசையைத் தடவிக்கொண்டு, பார்த்தியா இறங்கிட்டான் என்று ஸ்கூட்டரை எடுத்தான். இறங்கவில்லை அவன். முடித்துவிட்டான். சனிக்கிழமை அஞ்சு மணிக்குப் பின்களைக் கொடுக்கும்போது, "தகரத்தைப் பாத்துக்கங்ணா" என்று வேறு சொன்னான். பார்த்துக்கங்ணா. சொன்னான். காதில் விழுந்தது. விழுந்ததா? விழுந்தது. அப்போது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லையோ என்று ஒரு நினைப்பு, பாம்பு புற்றுக்குள்ளிருந்து தலையை நீட்டுகிற மாதிரி நீட்டியது. நாச்சிமுத்து அதை மிதித்தான். இல்லாத பிரேக்கையும் சேர்த்து மிதித்தான். "என்னங்கண்ணா, நானும் அப்பவே புடிச்சுப் பாக்கறேன், கால்ல டிஸ்கோ ஆடிட்டே வர்றீங்க" என்றார் தணிகைவேல் பின்னாலிருந்து. "மனுசன் பயந்துட்டாரு மங்கை. நீ ஓட்டறதைப் பாத்து பட்டறைக்காரரே பயந்தா, நான் எல்லாம் எம்மாத்திரம்?" "பழக்கமுங்க சார், கால் பழக்கம்" என்றான் நாச்சிமுத்து. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதுதான் அவனுக்கு அசிங்கமாக இருந்தது.

முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். "போலாமாண்ணா?" அவன் எட்டிப் பார்த்தான். ரோடு காலியாகக் கிடந்தது, வெயில் தாரில் தண்ணீர் மாதிரி நின்றது. இப்போது சொல்லலாம். போலாங்க என்று சொல்கிற வாயாலேயே நிறுத்துங்க என்று சொல்லலாம். டிராக்டருக்குப் பின்னாலேயே மெல்ல ஊர்ந்தால்கூடப் போதும், முப்பதில் போனால் ஒன்றும் ஆகாது, லாரி வருதுங்க என்று ஒரு பொய் சொன்னால் போதும். "போலாங்க" என்றான். எட்டு சிலிண்டரும் கர்ஜித்தன. முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல், அம்பு மாதிரி டிராக்டரைத் தாண்டியது. என்ன அருமையாகப் போகிறது. கொலைகாரி, என்ன அருமையாகப் போகிறாய். பார்க்கிறவனுக்குக் குறையே தெரியாது. சின்னத் தடாகம் வரை போகட்டும், அங்கே கடை இருக்கிறது, டீ குடிக்கலாம் என்று நிறுத்தச் சொல்லிக் கொள்ளலாம். சின்னத் தடாகம் வந்தது. அங்கே வேகத்தடை. அவனுடைய உடம்பு முழுக்கக் காதாக மாறியது. முன்சக்கரம் ஏறிற்று. இறங்கிற்று. டிக் என்று ஒரு சத்தம். கேட்டதா? டாஷ்போர்டில் டாக்டரம்மா போட்ட வீட்டுச் சாவிக்கொத்தா? ஆர்மில் இருக்கிற ரப்பர் புஷ் புதுசு, புது ரப்பர் அப்படிச் சத்தம் போடும். டிக். கடை பின்னால் போய்விட்டது. சரி, மாங்கரை வரை. மாங்கரையில் செக்போஸ்ட், எப்படியும் நிற்க வேண்டும். அதுவரை நேர்ரோடுதான். இரும்பே, மாங்கரை வரை. அவன் இரும்போடு பேரம் பேசிக்கொண்டிருந்தான். ஆறு கிலோமீட்டர் கொடு. சரி, அஞ்சு. மருதமலையானே, மாங்கரை வரை கொடு, இந்த வாரமே மொட்டை போட்டுக்கொள்கிறேன். இரும்பு ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதற்குக் காது இல்லை.

எலும்பு பேரம் பேசாதுங்க நாச்சிமுத்துண்ணா. ஆறு வருஷம் முன்னால் இதே டாக்டரம்மா சொன்னது. ஜாக்கி வழுக்கி ஜீப் விழுந்து வலது தொடை ரெண்டாக, ஆபரேஷன் பண்ணி உள்ளே ராடு வைத்திருந்தார்கள். நாலாம் நாளே அவன் கட்டிலில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டான். பட்டறையில் மூணு வண்டி நிக்குதுங்கம்மா, காலை எப்ப ஊனலாம்? ஆறு வாரம். மூணு வாரம்ங்கம்மா, என்ற ஒடம்பு எனக்குத் தெரியாதுங்களா? ஆறு. சரி, எனக்கும் வேண்டாம் உங்களுக்கும் வேண்டாம், நாலு, கடைசி. அவர் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆறு என்றார். அவன் கத்தினான். வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான், வேறு ஆஸ்பத்திரிக்குப் போறேன் என்றான், உங்களையெல்லாம் தெரியாதா என்றான். அவர் பேனாவை மூடிவிட்டு, அன்றைக்கும் இதே சாதாரணக் குரலில்தான், எலும்பு பேரம் பேசாதுங்க என்றார். ஆறு வாரம் படுத்தான். அதனால்தான் இன்றைக்குக் காலில் நடக்கிறான், குனிகிறான், வண்டிக்கு அடியில் படுத்து எழுகிறான். ஒருத்தர் அவனுக்கு இறங்கிக் கொடுக்கவில்லை, அந்த ஒன்று அவன் தொடைக்குள் இன்னும் இருக்கிறது. அந்தக் கை இப்போது ஸ்டீயரிங்கில் லேசாக, ரெண்டு விரலில், வண்டியை நம்பி. அவர் வைத்த ராடு அவனைத் தாங்குகிறது. அவன் வைத்த பின் அவரைத் தாங்குகிறது.  துப்ப வேண்டும் போலிருந்தது. இந்த வண்டிக்குள் எங்கே துப்புவது. சொல்லிவிடலாம். என்ன ஆகும்? திட்டுவார். திட்டட்டும். ஊர் சொல்லும். சொல்லட்டும். அதெல்லாம் இல்லை. அதெல்லாம் இல்லவே இல்லை. செபஸ்தி. நேற்று ஆறு மணிக்கு செபஸ்தி அந்தப் பின்னைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் கொஞ்சம் கூர்மையா இருக்குதுண்ணா, ஒரு அரம் போட்டுப் பாத்துரலாமா என்றான். அரம் போட்டால் தெரிந்துவிடும்; சரியாக ஆறவைத்த இரும்பில் அரம் கடிக்கும், ஆறாத இரும்பில் வழுக்கும். ஒரு நிமிஷ வேலை. "ஏன்டா, எனக்கு இரும்பு சொல்லித்தர்றியா நீ? நேத்து வந்து டீ வாங்கிக் குடுத்த நாயி" என்று கையிலிருந்த ஸ்பேனரை எறிந்தான். படவில்லை. சுவரில் பட்டது. படாததுதான் மோசம், பட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்காவது கூட்டிக்கொண்டு போயிருப்பான், மன்னிப்பு மாதிரி ஏதாவது வாயில் வந்திருக்கும். செபஸ்தி கையை வேஸ்ட் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "சரிங்ணா" என்றான். சட்டையை மாற்றிக்கொண்டு போனான். பதினெட்டு வருஷம், சரிங்ணா. அவனும் கத்தவில்லை. இப்போது வண்டியை நிறுத்தச் சொன்னால் செபஸ்தி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். இதுதான். இவ்வளவுதான். இந்த ஒரு முள்ளில்தான் அவன் நாக்கு மாட்டிக்கொண்டு கிடக்கிறது, இதற்காகத்தான் மூன்று உயிர் நூறுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு சின்ன முள். தன்னையே காய்ச்சி முக்கி எடுத்துவிட்டு யாரும் ரெண்டாவது அடுப்பில் வைக்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. பத்து வயதில் ஃபவுண்டரியில் கரி அள்ளியபோது காய்ச்சினார்கள், அடித்தார்கள், தண்ணியில் முக்கினார்கள், கெட்டியாகிவிட்டான், உபயோகமாகிவிட்டான், எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டார்கள். ஒரு துளைதான் அவனுக்கும். சே, இதுவும் ஒரு சாக்கு. மருதாசலத்தையும் ஊரையும் ஃபவுண்டரிக்காரனையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, தன் பாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கப் பார்க்கிறான். இதிலும் பேரம்.

மரங்கள் நெருங்க ஆரம்பித்தன. யானைகள் கடக்கும் பகுதி என்று மஞ்சள் பலகை வந்தது. காற்று குளிர்ந்தது. "இதுக்கு மேலதாங்கண்ணா இவளோட வேஷம் தெரியும்" என்றார் டாக்டரம்மா. "வளைவுல எங்கப்பாவைப் படுத்துன பாடு. மேல கேரளா பார்டர் வரைக்கும் போய்த் திரும்பிரலாம். எறங்கறப்ப ஃபுல்லா முன்னாடிதான் வெயிட் வரும், இல்லீங்களா? அதைத்தான் பாக்கணும் எனக்கு." "மங்கை, எறங்கறப்ப நான் பஸ்ல வந்துர்றேன்" என்றார் தணிகைவேல். "இன்சூரன்ஸ் பேப்பர் வீட்ல எங்க இருக்குதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தராவது வேணுமில்ல?" ரெண்டு பேரும் சிரித்தார்கள். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு, இருபது வருஷம் ஒரே ஜோக்குக்குச் சிரித்துப் பழகிய சிரிப்பு. நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இறங்கும்போது முன்னால்தான் பாரம் வரும். ஆமாம். பிரேக் போடும்போது மொத்தக் கப்பலும் அந்த ரெண்டு பின் மேல் வந்து உட்காரும். கட்டைவிரல் பைக்குள் போனது. ஒரு துளை. தகரத்தின் பிசிறு தோலைக் கிழித்திருந்தது, ஈரமாக இருந்தது. மாங்கரை செக்போஸ்ட் வந்துவிட்டது. வண்டி நின்றது. நின்றுவிட்டது, இரும்பு கேட்டதைக் கொடுத்துவிட்டது, மாங்கரை வரை. ஃபாரஸ்ட் கார்டு வண்டியைச் சுற்றி வந்து, "என்ன வண்டிங்க மேடம், சினிமாவுக்கா?" என்று கேட்டுவிட்டு நம்பரை எழுதிக்கொண்டான். மூங்கில் தடுப்பைத் தூக்கினான். தடுப்புக்கு அந்தப் பக்கம் ரோடு இடது கைப் பக்கமாக வளைந்து மரத்துக்குள் ஏறியது. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அவர் கியரைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"போலாமாண்ணா?"

அவன் எட்டிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. ரோடு சுத்தமாக இருந்தது. போலாங்க என்பது வாயில் தயாராக இருந்தது, அவனைக் கேட்காமலே எழுந்து நின்றது. தொடைக்குள் ராடு இருக்கிற இடம் மழைக்காலத்தில் வலிக்கிற மாதிரி வலித்தது.

"வேண்டாங்க" என்றான்.

"லாரியா?"

"இல்லீங்க. ஓரமாப் போடுங்க. ஒன்னு பாக்கணும்."

டிக்கியிலிருந்த பையைத் திறந்து அரத்தை எடுத்துக்கொண்டு, வண்டிக்கு முன்னால் சரளைக்கல்லில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். சைலன்சர் சூடு முகத்தில் அடித்தது. அவன் ஆறு மில்லி தகடு அடித்த சட்டம், அவன் பூசிய கறுப்புப் பெயிண்ட், அவன் இழுத்த வெல்டிங் கோடு, எறும்பு வரிசை மாதிரி எவ்வளவு ஒழுங்காக. பின்னின் தலை பளபளவென்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அரத்தை வைத்து இழுத்தான். வழுக்கியது. அழுத்தி இழுத்தான். கண்ணாடிமேல் நகம் மாதிரிக் கீச்சிட்டுக்கொண்டு வழுக்கியது, ஒரு கீறல் இல்லை. வலது பக்கம் நகர்ந்து போனான். அதுவும் வழுக்கியது. கண்ணில் தூசி விழுந்தது. கொஞ்சநேரம் அப்படியே கிடந்தான், அரத்தை மார்பில் வைத்துக்கொண்டு. வெளியே ரெண்டு ஜோடிச் செருப்பு தெரிந்தது. ஒரு ஜோடி பக்கத்தில் வந்து நின்றது. இங்கேயே இருந்துவிடலாம் என்றிருந்தது. ஒரு மனுஷன் வண்டிக்கு அடியில் எவ்வளவு நேரம் இருந்தாலும் வேலை செய்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

எழுந்து வந்தான். முதுகில் கல் ஒட்டியிருந்தது. தகரத்தை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினான், எதற்கு நீட்டுகிறோம் என்று தெரியாமலே. சொன்னான். இந்த வண்டி மேலே போகக் கூடாது, திரும்பியும் ஓடக் கூடாது, லாரி கொண்டுவந்து தூக்கித்தான் போக வேண்டும். முன்னால் ரெண்டு பின்னும் பாதி வேலையோடு மாட்டியிருக்குது, எப்ப வேணாலும் ஒடியும், தப்பு என்னோடதுதான். ஒவ்வொரு சொல்லாகக் கல் எடுத்து வைக்கிற மாதிரி வைத்தான். தணிகைவேல் கிட்டே வந்தார்.  மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவன் கட்டைவிரல் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு துளை போட்ட தகரம், ஒரு கிழிந்த விரல். வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறான் என்று தெரிய எலும்பு டாக்டருக்கு அவ்வளவு போதும்.

"எப்ப இருந்து தெரியும்ங்கண்ணா உங்களுக்கு?"

சனிக்கிழமை. சனிக்கிழமை அஞ்சு மணி, தகரத்தைப் பாத்துக்கங்ணா. இல்லை, வெள்ளிக்கிழமை. சரிங்ணா என்று ஒருத்தன் சண்டை போடாமல் சொன்னபோது. அதுதான் உண்மையான விலை. நாச்சிமுத்துவுக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. இல்லை, இப்பத்தானுங்க, அடியில படுத்தப்பத்தான் தெரிஞ்சுது என்பதும் வந்தது. ரெண்டுக்கும் நடுவில், ரெண்டு பேரும் கொஞ்சம் தோற்கிற மாதிரி ஒரு இடத்தை, வாழ்நாள் பழக்கம் தானாகத் தேடிக் கண்டுபிடித்தது.

"கணுவாய்லங்க" என்றான்.

அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். கணுவாய், தடாகம், டிராக்டர், வேகத்தடை. உதடு லேசாக அசைந்தது, ஒவ்வொரு போலாங்கவையும் எண்ணுகிற மாதிரி. நாச்சிமுத்து காத்திருந்தான். கத்துவார். கணுவாய்லயா, கணுவாய்லயேவா, அத்தனை தூரம் எங்களை வெச்சுக்கிட்டு வாயை மூடிட்டு வந்தீங்களா என்று கத்துவார். கணுவாய்ல மட்டும்தானா என்று கேட்பார். ஆறு என்றால் ஆறு என்று நிற்கிறவராயிற்றே. கேட்டால் சனிக்கிழமை வரை இறங்கிவிடுவான், வெள்ளிக்கிழமை வரைகூட இறங்கிவிடுவான், அவன் தயாராக இருந்தான். கேளுங்க, அம்மா. ஒரு வார்த்தை திட்டுங்க.

டாக்டரம்மா வண்டிச் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். தகரத்தையும் அதன்மேல் வைத்தார்.

"சரிங்கண்ணா" என்றார்.

அவ்வளவுதான். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கீழ எறங்கற பஸ் எத்தனை மணிக்குங்க?" என்று ஃபாரஸ்ட் கார்டிடம் கேட்டுக்கொண்டே, புருஷனோடு மரநிழலைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கார்டு தூக்கிப் பிடித்திருந்த மூங்கில் தடுப்பை மெல்ல இறக்கினான்.